ஒலிபெருக்கியின் இரைச்சலும் நம் பொறுப்பும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியன் ஒருவனிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியம் பற்றியோ சமயநெறி பற்றியோ அமைந்த ஒன்றாகவே இருந்திருக்கும். யாமோ ஒலிபெருக்கியின் இரைச்சலைப் பற்றி எழுதத் துணிந்தோம். தமிழ் கற்பிக்கப் பயிற்றப்பட்டமைக்குரிய சான்றிதழ் ஒன்றே எம்மிடம் உள்ளது. இலத்திரனியலிற் பட்டமோ பட்டயமோ இல்லை. ஆயினும், ஒரு பிள்ளைக்கு யாம் இழைத்த தவறு இப்பொருளை எமக்குக் கற்பித்தது. அத்தவறு எம் ஒருவருடையது மட்டுமன்று, பழைய மாணவராகிய நம் அனைவருக்கும் அதிற் பங்குண்டு என்று கருதுவதாலேயே அதனை இம்மலரில் எடுத்துரைக்கின்றோம்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாகரையைக் கடந்து வெருகலை அடையுமுன், கடலோரத்தே அமைந்த ஊர் கதிரவெளி. நம் கல்லூரியிற் பயின்ற யாம் இன்று அவ்வூர்ப் பக்கத்தே ஆசிரியப் பணி புரிகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள பாடசாலை ஒன்றிற் பரிசளிப்பு விழா நிகழ்ந்தது. 5ஆம் தரத்து மாணவி ஒருத்தி செய்யுள் ஒன்றை மனனஞ் செய்து ஒப்புவிக்க மேடை ஏறினாள். ஒரு மாதகாலம் அவளைப் பயிற்றியவர் யாமே. அவள் வாய் திறந்ததும் ஒலிபெருக்கி 'ஊம்ம்' என்று உறுமத் தொடங்கியது. அவ்வுறுமலின் அடியிலே பிள்ளையின் குரல் நூலிழைபோல மெலிந்து கேட்டது. யாம் பக்கத்தில் நின்று, "இன்னும் உரத்து, இன்னும் உரத்து" என்று கையசைத்தோம். ஒலிபெருக்கி அமைத்தவர் தம் பங்குக்குத் திருகியை ஏற்றினார். குரல் இரு மடங்காயிற்று. உறுமலும் இரு மடங்காயிற்று. நான்காம் அடியிற் பிள்ளைக்குத் தொண்டை அடைத்தது. மேடையை விட்டு இறங்கியவளிடம், "வீட்டிற் பாடிய குரல் எங்கே போயிற்று?" என்று யாம் கடிந்துகொண்டோம்.

மறுநாள், உயர்தர வகுப்பிலே தொழினுட்பவியல் பயிலும் மாணவன் ஒருவன் அந்த ஒலிவாங்கியின் கம்பியை வாங்கி, செருகியைக் கழற்றிக் காட்டினான். கம்பியின் நடுவே ஓடும் இழையைச் சுற்றிக் கவசம்போல அமைந்த செப்புப் பின்னல், பற்றாசு வைத்த இடத்தில் இற்றுப் போய், ஓரிரு மயிரிழைகளால் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தது. கடற்காற்றின் உப்பு அவ்விழைகளையும் பச்சை பூக்கச் செய்திருந்தது. பழுது பிள்ளையின் குரலில் இல்லை, கம்பியிலேயே இருந்தது. அதனை அறியாது யாம் கடிந்தது பிள்ளையை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவள் மேடை ஏற மறுத்துவிட்டாள்.

அன்று தொட்டு இரைச்சல் என்பது யாது, அது எங்கிருந்து வருகின்றது என்பதை அம்மாணவனிடமே கேட்டுக் கற்றுவந்தோம். யாம் கற்றதைச் சுருக்கமாகக் கூறுவோம். ஒலிவாங்கி தருவது மிகச் சிறிய மின். பேச்சுக்கு அது ஒரு சில மில்லிவோல்ற்று அளவினதே. அதனை ஒலிபெருக்கியை இயக்கவல்ல அளவுக்கு ஆயிரக்கணக்கான மடங்கு உயர்த்துவது விரியலாக்கி. விரியலாக்கிக்கு நல்லது தீயது தெரியாது. தன் வாயிலில் வந்து நிற்பது செய்யுளாயினும் உறுமலாயினும் இரண்டையும் ஒரே அளவாகவே உயர்த்தும். எனவே திருகியை ஏற்றுவது இரைச்சலுக்கு மருந்தாகாது. மருத்துவன் முதலில் நோயையும், பின் அந்நோயின் முதலையும் நாடவேண்டும் என்று வள்ளுவர் மருந்ததிகாரத்திற் கூறிய நெறி இதற்கும் பொருந்துவதாம்.

இரைச்சல்கள் யாவும் ஓரினத்தன அல்ல. உறுமல் ஒன்று, சீறல் ஒன்று, கரகரப்பு ஒன்று, ஊளை ஒன்று. தேர்ந்த செவிக்கு ஒலியே நோயின் பெயரைச் சொல்லிவிடும். நம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை முழு அலைவாக அலைவது. கவசம் அறுந்த கம்பி, பக்கத்தில் ஓடும் மின்கம்பிகளிலிருந்து அந்த 50 ஏர்ட்சு அலையை ஏற்றுக்கொண்டு உறுமும். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பகுதியிற் குறை இருப்பின், முழுவலைச் சீராக்கலில் அலை இரட்டிப்பதால் உறுமல் 100 ஏர்ட்சாகக் கேட்கும். இவ்விரண்டுக்கும் இடையே இசையில் ஒரு மண்டில வேறுபாடு உண்டு. சுருதி அறிந்தவர் கருவி ஏதுமின்றியே இரண்டையும் பிரித்தறியலாம். கம்பியை அசைக்கும்போது கரகரத்தால் தொடுப்புத் தளர்ந்தது என்பது பொருள். கைத்தொலைபேசி பழைய 2ஜி முறையில் இயங்கும்போது, அது விட்டுவிட்டு அனுப்பும் வானொலித் துடிப்பு 217 ஏர்ட்சு அளவில் 'தட்தட்' என்று ஒலிவாங்கியினுட் புகும். ஊளையோ சுற்றின் குற்றமன்று. ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியிற் புகுந்து சுழல்வதால் எழுவது. பெட்டியை மேடைக்கு முன்னே தள்ளி வைத்தாலே அது பெரும்பாலும் அடங்கும்.

சீறல் மட்டும் தனித்தன்மை உடையது. வெப்பம் உள்ள எப்பொருளிலும் இலத்திரன்கள் ஓயாது அலைகின்றன. அவ்வலைச்சலே மெல்லிய சீறலாகக் கேட்கின்றது. அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன்சன் இதனை அளந்தார். நைக்குவிஸ்ற் இதன் காரணத்தை விளக்கினார். இருவர் கட்டுரைகளும் 1928ஆம் ஆண்டில் வெளிவந்தன. 200 ஓம் தடையொன்று, அறை வெப்பநிலையில், மனிதச் செவிக்கு எட்டும் மீடிறன் எல்லைக்குள், ஏறக்குறைய கால் மைக்குரோவோல்ற்றுச் சீறலைத் தானே பிறப்பிக்கின்றது. இதனை எவராலும் முற்றாக நீக்க முடியாது. குறைக்கக்கூடிய இரைச்சலையும் பொறுத்துக்கொள்ள வேண்டிய இரைச்சலையும் பிரித்தறிதலே இத்துறையில் அறிவின் தொடக்கம்.

அம்மாணவன் பின்னர்த் தானே ஒரு சிறு விரியலாக்கி செய்தான். காலைக் கூட்டத்துக்குப் பயன்படட்டும் என்பது அவன் எண்ணம். விரல்நுனியளவான இலெக்றெற் ஒலிவாங்கி ஒன்றும், எல்.எம். 386 என்னும் ஒருங்கிணைந்த சுற்று ஒன்றும், பழைய வானொலியிற் கழற்றிய நிலைமாற்றி ஒன்றும் அதன் உறுப்புகள். பூட்டி முடித்து ஆளியைப் போட்டதும் அதுவும் உறுமியது. அவன் அதனைத் தீர்த்த முறை எம் உள்ளத்தைக் கவர்ந்தது. அவன் எதனையும் ஊகித்து மாற்றவில்லை. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டான்.

முதற் கேள்வி: ஒலித்திருகியை அடியோடு இறக்கினால் உறுமல் நிற்கின்றதா? நின்றது. ஆகவே குற்றம் திருகிக்கு முன்னே உள்ளது. இரண்டாம் கேள்வி: மின்னிணைப்பை விலக்கி மின்கலத்தில் இயக்கினால்? உறுமல் அறவே இல்லை. ஆகவே குற்றம் மின்வழங்கலோடு தொடர்புடையது. உறுமலின் சுருதியும் 100 ஏர்ட்சே என்று செவி சொல்லிற்று. சீராக்கலின்பின் இருந்த 1000 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியை எடுத்து 4700 இட்டான். உறுமல் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. இவ்விடத்தில் யாமாயின் இன்னும் பெரியதொன்றை வாங்கி வா என்றிருப்போம். அவனோ கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டான். சுற்று அமைதியாக இருக்கும்போது 6 மில்லியம்பியர் ஓட்டம் எடுக்கின்றது எனின், 1000 மைக்குரோபரட்டில் எஞ்சும் அலை ஏறக்குறைய 60 மில்லிவோல்ற்று. 4700இல் 13 மில்லிவோல்ற்று. பேச்சோ ஒரு சில மில்லிவோல்ற்றே. அப்படியாயின் அந்த அலை பேச்சு நுழையும் வாயிலுக்கு எவ்வழியாக வருகின்றது?

மூன்றாம் கேள்விக்கு விடையாக வழி புலப்பட்டது. இலெக்றெற் ஒலிவாங்கி இயங்குவதற்குச் சிறிது மின் வேண்டும். அதனை 10 கிலோ ஓம் தடை ஒன்றின் வழியே வழங்கலிலிருந்து நேரே கொடுத்திருந்தான். அத்தடை வழியே மின்னோடு அலையும் வந்து, பேச்சு நுழையும் அதே வாயிலில் நுழைந்தது. பிள்ளைக்குப் பாலூட்டும் சங்கிலேயே தூசு விழுந்ததுபோன்ற நிலை அது. 10 கிலோ ஓமுக்கு முன்னே 1 கிலோ ஓம் தடை ஒன்றை இட்டு, இரண்டும் சேருமிடத்திலிருந்து 100 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி ஒன்றைப் புவிக்கு இணைத்தான். 100 ஏர்ட்சு அலையை அவ்விணை ஏறக்குறைய 60 மடங்கு குறைக்கவல்லது. உறுமல் பேச்சின் அடியில் மறைந்தது. 3700 மைக்குரோபரட்டு மிகையாகச் சேர்த்தும் தீராத பிணியை, உரிய இடத்தில் வைத்த 100 மைக்குரோபரட்டுத் தீர்த்தது. எஞ்சிய சீறலுக்கு அவன் கூறிய மருந்து செலவே இல்லாதது: ஒலிவாங்கிக்கு அருகே வந்து பேசுதல். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் பாதியானால் அங்கு வந்துசேரும் குரல் ஏறக்குறைய இரு மடங்காகும், நயத்தைக் குறைக்கலாம், சீறலும் அதனோடு குறையும். நம் வட்டக்களரியில், நடுவே ஒற்றை ஒலிவாங்கியைத் தொங்கவிட்டுக் கூத்தர் குரலைத் தேடும்போது மத்தளமும் சீறலும் மட்டுமே மிஞ்சுவதன் காரணமும் இத்தூரமே.

இவ்வளவையும் அவன் எமக்குத் தமிழிலேயே விளக்கினான் என்பதைக் குறிப்பிடாமல் விட இயலாது. தடை, கொள்ளளவி, விரியலாக்கி, மீடிறன், நயம் என்னும் சொற்கள் பாடநூலிலிருந்து அவன் நாவில் இயல்பாக வந்தன. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பயிற்றப்பட்ட ஆசிரியராகத் தொடங்கி, விஞ்ஞானம் பயின்று, தமிழிற் பண்டிதராகி, கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கி, நரம்பின் ஒலியைக் கணிதத்தால் அளந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டவர். தமிழும் விஞ்ஞானமும் இரு வேறு கட்டடங்களில் இருக்கவேண்டியன அல்ல என்பதற்கு நம் மாகாணத்திலேயே பிறந்த சான்று அவர். அவர் போன்றோர் தொடங்கிய பணியின் பயனைக் கடற்கரைக் கிராமத்து மாணவன் ஒருவன் நாவிற் கேட்டபோது எமக்குண்டான மகிழ்ச்சி பெரிது.

இனி, யாம் சொல்லவந்த கருத்துக்கு வருவோம். இரைச்சலியலில் அடிப்படையான உண்மை ஒன்றுண்டு. இரண்டு படிகளைக் கொண்ட விரியலாக்கி ஒன்றைக் கொள்க. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு உயர்த்துவது. ஒவ்வொன்றும் தன் வாயிலில் 1 மில்லிவோல்ற்று இரைச்சலைச் சேர்ப்பது. முதற்படியிற் சேர்ந்த இரைச்சல் இரண்டு படியாலும் பெருகி 100 மில்லிவோல்ற்றாக வெளிவரும். இரண்டாம் படியிற் சேர்ந்தது 10 மில்லிவோல்ற்றோடு நின்றுவிடும். குற்றம் ஒரே அளவினதாயினும் முதலில் நேர்ந்தது பத்து மடங்கு கெடுக்கின்றது. 1944இல் பிரிஸ் என்னும் பொறியியலறிஞர் இதனைச் சூத்திரமாக்கினார். நம் முன்னோர் "முதற் கோணல் முற்றுங் கோணல்" என்று ஒரு வரியிற் சொல்லிவைத்தனர். ஆதலால் நல்ல விரியலாக்கி செய்வோர் தம் செலவையும் கவனத்தையும் முதற்படியிலேயே செய்வர். கடைசிப் படியில் உள்ள பெரிய பெட்டியில் அன்று.

பழைய மாணவராகிய நாம் செய்வது யாது? நம் அன்பளிப்புகளை எண்ணிப் பாருங்கள். வாயிற் கோபுரம், மண்டபத்துக்குப் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள், உயர்தர வகுப்புக்கு விசேட பயிற்சி, பல்கலைக்கழகம் புகுந்தோர்க்குப் பாராட்டு விழா. இவை யாவும் கடைசிப் படிக்குரியவை. இவை வேண்டா என்பது எம் கருத்தன்று. ஆயின், உயர்தர வகுப்புக்கு வந்துசேரும் பிள்ளை எங்கிருந்து வருகின்றாள்? கதிரவெளி போன்ற ஊர்களில் உள்ள தொடக்க வகுப்புகளிலிருந்து வருகின்றாள். அங்கே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமலே ஒரு தரத்திலிருந்து அடுத்த தரத்துக்கு ஏறிய பிள்ளையை, பின்பு எத்தனை விசேட வகுப்பிலே அமர்த்தினாலும், நாம் பெருக்குவது அவள் குரலோடு கலந்த உறுமலையுந்தான். பின்பு "இவளுக்குக் குரல் இல்லை" என்று அவளையே கடிந்துகொள்கின்றோம்.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு என்பதையும் யாம் அறிவோம். முதற்படியில் இரைச்சலுள் மூழ்கிய குரலைப் பின்படிகளால் மீட்டெடுப்பது அரிது. பிள்ளையோ கம்பியன்று, பிந்திக் கற்றும் முந்திச் சென்றோர் பலரை இக்கல்லூரியே கண்டுள்ளது. ஆனால் அப்படி மீள்வதற்கு அப்பிள்ளையும் ஆசிரியரும் கொடுக்கும் விலை பெரிது; எல்லாரும் மீள்வதுமில்லை. மீண்டோரை மேடையிற் காண்கின்றோம். மீளாதோரை எவரும் காண்பதில்லை. வேறு சிலர், தொடக்க வகுப்புக்குச் செய்யும் பணியின் பயன் தெரியப் பத்தாண்டு செல்லும், மண்டபமாயின் அடுத்த விழாவிலேயே பெயர்ப்பலகை தெரியும் என்பர். அது உண்மையே. 100 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியிலும் எவர் பெயரும் பொறிக்கப்படவில்லை. பெட்டியை மூடியபின் அது கண்ணுக்கே தெரியாது. ஆயினும் குரலைக் காத்தது அதுவே.

எனவே இவ்விழாக் காலத்தில் நம் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோளை வைக்கின்றோம். ஒன்று: திரட்டப்படும் நிதியிற் பாதியையேனும், நம் கல்லூரிக்கு மாணவரை அனுப்பும் கிராமத்துப் பாடசாலைகளின் முதல் மூன்று தரங்களுக்கு ஒதுக்குக, அங்கே வாசிப்புக்கு நூலும், பின்தங்கிய பிள்ளைக்கு மாலையில் ஒரு மணிநேரம் துணையிருக்க ஆளும் கிடைக்கச் செய்க. மற்றொன்று: புதிய ஒலிபெருக்கி வாங்குமுன், மாணவர் தம் கையாற் பழுது பார்க்க ஒரு மேசையும், பற்றாசுக்கோலும், பன்மானியும் தருக. பழுதின் முதலை நாடப் பழகிய பிள்ளை, சுற்றில் மட்டுமன்றி வாழ்விலும், குற்றத்தை அது இருக்கும் இடத்திற் காண்பான். எளியவர் தலையிற் சுமத்தமாட்டான்.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் ஓசையைப் பற்றி எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட தம் இலங்கை நூலில் எழுதியுள்ளார். பாடுவது ஊரி என்று மீனவர் தமக்குக் காட்டியதாகவும் அவர் கூறுவார். அவ்வோசையைக் கேட்க விழைவோர் வாவியை நோக்கி உரத்துப் பாடு என்று கூவுவதில்லை. நிலவெறிக்கும் அமைதியான இரவைத் தேர்வர். தோணியை நிறுத்துவர். பேச்சை அடக்குவர். துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி மறு நுனியைச் செவியோடு சேர்ப்பர். ஓசை தானே வந்து சேரும். ஒலிவாங்கி வரும் முன்னரே இம்மண்ணின் மக்கள் அறிந்திருந்த கலை இது: குரலை வருத்தாதே, இரைச்சலைக் குறை, அருகே செல்.

அந்தப் பிள்ளையிடம் யாம் பின்னர்ச் சென்று, அன்று பழுதானது கம்பியே, உன் குரலன்று என்று சொன்னோம். இற்ற செப்புப் பின்னலையும் காட்டினோம். அவள் அதனை விரலாற் புரட்டிப் பார்த்து, "அப்ப ஏன் சேர் என்னை ஏசினீங்க?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு எம்மிடம் விடை இல்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியே. கடந்த ஆண்டுக் கலைமகள் விழாவில், மாணவன் செய்த அந்தச் சிறு விரியலாக்கியின் முன் நின்று, அவள் ஒரு செய்யுளை முழுவதும் ஒப்புவித்தாள். கடைசி வரிசையில் இருந்தோர்க்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. யாம் கையசைக்கவில்லை.

நம் கல்லூரி நீடு வாழ்க. அதன் வாயிலுக்கு வந்துசேரும் சிறு குரல்கள் யாவும் தெளிவுறக் கேட்பனவாகுக.